பரிந்துரையாளரிடம் முதலில் பேசிவிட்டீர்களா?

ஆசிரியர் பணிக்கு வரும் ரெஸ்யூமேக்களைப் படிப்பதும், விண்ணப்பிப்பவரின் வேலையைப் பற்றிச் சொல்ல அவரே பெயர் தரும் பரிந்துரையாளர்களை அழைத்துப் பேசுவதும் பல வருடங்களாக என் வேலை. ஒருமுறை ஒரு கணித ஆசிரியைக்காக அழைத்தேன். டெமோ வகுப்பை அருமையாக நடத்தியவர். மறுமுனையில் அவருடைய பழைய பள்ளி முதல்வர். பெயரைச் சொன்னதும் சில நொடிகள் சத்தமே இல்லை. "எந்த வருஷம் இருந்தாங்க சார்?" என்று கேட்டார். சொன்னேன். "ஆமாம், இருந்தாங்க. நல்லவங்கதான்." அவ்வளவுதான். நான்கு வருட உழைப்புக்கு அந்த ஒரு வரி. முதல்வர் மேல் தப்பில்லை. இப்படி ஒரு அழைப்பு வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஆசிரியையிடமே பேசினேன்: "உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர் வேறு யாராவது இருக்கிறார்களா?" துறைத் தலைவர் ஒருவரிடம் பேசிவிட்டு, மறுநாள் அவர் எண்ணை அனுப்பினார். அந்தத் துறைத் தலைவர் என்னிடம் ஒரே ஒரு வகுப்பைப் பற்றித்தான் சொன்னார். நான்கை விட எட்டு பெரியது, அதனால் எட்டில் ஒரு பங்குதான் நான்கில் ஒரு பங்கைவிடப் பெரிசு என்று ஒரு பையன் அடித்துச் சொல்லியிருக்கிறான். ஆசிரியை தப்பு என்று சொல்லவில்லை. கையில் ஒரு தாளைக் கொடுத்து, மடித்துப் பார் என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவது மடிப்பில் பையனே சிரித்துவிட்டானாம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், பதவி பெரிதா என்று பார்க்காதீர்கள். உங்கள் வகுப்பைக் கண்ணால் பார்த்தவரா என்று பாருங்கள். தாளாளரை விட, இரண்டு முறை பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்த துறைத் தலைவர் மேல். புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் வழிகாட்டிய ஆசிரியரும், கல்லூரியிலிருந்து வந்து வகுப்பைப் பார்த்த பேராசிரியரும் போதும். உறவினரும் குடும்ப நண்பரும் வேண்டாம்.

ஒருவர் பெயரைப் போடும் முன் அவரிடம் நேராகக் கேளுங்கள்: "என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல முடியுமா?" தயங்கினால் வற்புறுத்தாமல் வேறு ஒருவரைப் பாருங்கள். சரி என்றால் ரெஸ்யூமேயையும், எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்ற விவரத்தையும் அனுப்புங்கள். சேர்ந்து செய்த ஒன்றிரண்டு விஷயங்களையும் நினைவுபடுத்துங்கள்.

இப்போது வேலை பார்க்கும் பள்ளிக்குத் தெரியாமல் தேடுகிறீர்களா? "என்னிடம் சொன்ன பிறகு அழைக்கவும்" என்று எழுதுங்கள், பெரும்பாலும் மதிப்போம். ஆனால் வேலை உறுதியாகும் கட்டத்தில் அங்கே பேசாமல் இருக்க மாட்டோம். மனக்கசப்போடு விலகிய பள்ளி என்றால், அதை மறைக்காமல் நேர்காணலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியாக இருந்த பள்ளியிலிருந்து ஒரு பெயர்கூட இல்லையென்றால் முதல் கேள்வியே அதுதான்.

இவ்வளவு கேட்பது குழந்தைகளுக்காக. "இவரைக் குழந்தைகளோடு விடுவதில் ஏதாவது தயக்கம் உண்டா?" என்று எல்லோரிடமும் கேட்கிறேன். நீங்கள் கையில் கொண்டுவரும் நற்சான்றுக் கடிதத்தால் அந்தப் பதிலைத் தர முடியாது. யாருக்கு என்றே குறிப்பிடாமல் பொதுவாக எழுதிய கடிதங்களை ஏற்க வேண்டாம் என்று இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. அமெரிக்காவின் 2015 கல்விச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: மாணவரிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தவர் என்று தெரிந்தும் அவருக்கு வேறு பள்ளியில் வேலை தேட உதவுவதை மாநிலங்கள் தடுக்க வேண்டும் என்கிறது.

அப்புறம், பரிந்துரையாளர் விவரங்களைத் தனித் தாளில் வையுங்கள். பெயர், பதவி, எந்த வருடங்களில் எப்படிப் பழக்கம், தொலைபேசி, மின்னஞ்சல். மூன்று பேர் போதும். ரெஸ்யூமேயில் "கேட்டால் தரப்படும்" என்ற வரி வேண்டாம். கேட்போம் என்று எல்லோருக்கும் தெரியும். இணையத்தில் பொதுவாகப் போடும் ரெஸ்யூமேயில் அடுத்தவர் எண்ணைத் தராதீர்கள். ஓய்வு பெற்றவர்களின் பழைய பள்ளி எண் பலமுறை என்னை அலைய வைத்திருக்கிறது, அதையும் சரிபாருங்கள்.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாதங்கள் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சுதா சார்?" என்று பரிந்துரையாளர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.