கிரீன் கார்டு: சொல்லும் பொருளும்

"பையனுக்கு கிரீன் கார்டு வந்தாச்சு, இனி அமெரிக்கக் குடிமகன்" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். செய்திகளிலும் 'நிரந்தரக் குடியுரிமை' என்று அடிக்கடி வருகிறது. அது தவறு. கிரீன் கார்டு தருவது அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கி வேலை செய்யும் உரிமை மட்டும்தான், குடியுரிமை அல்ல. கிரீன் கார்டு வாங்கிய இந்தியரின் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்தான். அமெரிக்க அதிபர் தேர்தலில் அவர் ஓட்டுப் போட முடியாது. சில வகைக் குற்றங்களில் சிக்கினால் நாடு கடத்தவும் செய்யலாம். பொதுவாக 5 ஆண்டுகள், அமெரிக்கரை மணந்தவர் என்றால் 3 ஆண்டுகள் கழித்து விண்ணப்பித்து, தேர்வில் தேறி, உறுதிமொழி எடுத்த பிறகுதான் குடியுரிமை.

சரி, பச்சை எங்கிருந்து வந்தது? 1940இல் அமெரிக்கா அன்னியர் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம், யாரைப் பார்த்தாலும் உளவாளியோ என்ற சந்தேகம். 14 வயது நிரம்பிய வெளிநாட்டவர் எல்லாரும் பதிய வேண்டும், கைரேகையும் வைக்க வேண்டும். பதிவு நடந்த இடம் தபால் நிலையம். பதிந்ததற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டு தபாலில் வரும். முறையாக வந்தவருக்கும் திருட்டுத்தனமாக நுழைந்தவருக்கும் ஒரே சீட்டுதான். அதை வைத்துக்கொண்டு தங்கும் உரிமை எதையும் கோர முடியாது.

போர் முடிந்ததும் ஆட்களை வகை பிரித்தார்கள். நிரந்தரமாகத் தங்க வந்தவருக்குக் கிடைத்தது ஐ-151 என்ற அட்டை. அது பச்சை நிறம். பழைய சீட்டு வைத்திருந்தவர்களும் முறைப்படி வந்ததைக் காட்டினால், 1951 முதல் அதைக் கொடுத்துவிட்டுப் பச்சை அட்டையை வாங்கிக்கொள்ளலாம் என்றானது. வேலை தேடப் போகிறவருக்கு அது பெரிய காப்பு. மதிப்பு கூடியதும் போலிகளும் கிளம்பின; அரசு வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. 1964இல் அட்டை வெளிர் நீலமானது. அப்புறம் வேறு நிறங்கள். 2010இல்தான் பச்சை திரும்பியது. நடுவில் இத்தனை ஆண்டுகள் நிறம் போயும் மக்கள் வாயில் அது கிரீன் கார்டாகவே இருந்தது.

இந்த அட்டைக்கு ஒரு கசப்பான முன்னோடியும் உண்டு. 1892ஆம் ஆண்டு கியரி சட்டம், அமெரிக்காவில் இருந்த சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்று வாங்கியே ஆக வேண்டும் என்றது. சான்று இல்லாமல் பிடிபட்டவர், தவிர்க்க முடியாத காரணத்தால் வாங்க முடியவில்லை என்றும், சட்டம் வந்தபோதே அங்கே வசித்தார் என்றும் காட்ட வேண்டும். வசித்ததற்குச் சாட்சி சொல்ல நம்பத்தகுந்த வெள்ளைக்காரர் ஒருவராவது வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். சக சீனர்கள் நூறு பேர் சொன்னாலும் போதாது. வந்தவரிடம் 'சீட்டைக் காட்டு' என்று கேட்கும் வழக்கம் அங்கே தொடங்கியது அப்போதுதான். இன்றும் 18 வயது கடந்தவர் கிரீன் கார்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பச்சை அட்டை' என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் அரிசி வாங்கும் ரேஷன் கார்டுதான் ஞாபகம் வரும். 'குடியுரிமை'யைத் தொடவே கூடாது. அது குடிமக்களுக்கு உரியது. அமெரிக்கச் சட்டம் இவர்களைச் சட்டப்படி நிரந்தரமாக வசிப்பவர் என்கிறது, நிறத்தைச் சொல்வதில்லை. சிங்கப்பூர்த் தமிழில் இந்த நிலையில் உள்ளவர் 'நிரந்தரவாசி'. இலங்கைத் தமிழர் 'வதிவிட உரிமை', 'வதிவுரிமை' என்கிறார்கள். வதிதல் என்றால் தங்குதல். சங்கப் பாடல்களிலேயே வரும் சொல். எனக்குப் பிடித்தது 'நிரந்தர வதிவுரிமை'. 'நிரந்தரம்' வடசொல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எல்லாருக்கும் புரிகிற சொல்லை விரட்ட வேண்டியதில்லை.

அதற்காக கிரீன் கார்டையே ஒழித்துவிட வேண்டாம். கையில் இருக்கும் அட்டைக்கு அந்தப் பெயர் இருக்கட்டும், உரிமைக்கு வதிவுரிமை. இரண்டையும் பிரித்துச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. அட்டையை வழக்கமாக 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேதி கடந்தால் காலாவதியாவது அட்டைதான், வதிவுரிமை அப்படியே இருக்கும்.