வேலை பிடிக்கவில்லையா? முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்

வேலை பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு தொழிற்சாலை மருத்துவரிடம் யாரும் வருவதில்லை. முதுகு வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, நெஞ்சு எரிகிறது, படபடப்பாக இருக்கிறது என்றுதான் வருகிறார்கள். ஈசிஜியில் ஒன்றும் இருக்காது. "வேலை எப்படிப் போகிறது?" என்று கேட்டால், கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏதோ போகிறது டாக்டர்" என்பார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கும்.

பேச்சு எங்கே போனாலும், நான் முதலில் எழுதித் தருவது இரத்தப் பரிசோதனைக்கான சீட்டு. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று வேலையை விட நினைத்தவர்கள் சிலருக்குத் தேவைப்பட்டது இரும்புச்சத்து மாத்திரைதான். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களிடம் பகலில் எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறார்கள் என்றும் கேட்பேன். பாதிப்பேருடைய பதிலிலேயே காரணம் தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. விடுமுறை நாளில் எப்படி இருக்கிறீர்கள்? ஞாயிறு பகல் முழுவதும் கலகலப்பாக இருந்துவிட்டு, இரவில் மட்டும் வயிற்றைப் பிசைகிறது என்றால் சிக்கல் பெரும்பாலும் வேலையில் இருக்கிறது. ஊருக்குப் போனாலும், பேரக்குழந்தையைத் தூக்கினாலும் மகிழ்ச்சி வரவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேலையை மாற்றினால் அந்த நோய் புதிய அலுவலகத்துக்கும் கூடவே வரும்.

இவையெல்லாம் இல்லை, வேலைதான் காரணம் என்று தெளிவான பிறகும் ஒரே பதில் கிடையாது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்து, 1959-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சம்பளம், மேலதிகாரி, பணியிட வசதி ஆகியவை மோசமாக இருந்தால் அதிருப்தி வரும். ஆனால் அவை நன்றாக இருப்பதாலேயே திருப்தி வந்துவிடாது. திருப்தி தருபவை சாதித்த உணர்வு, பாராட்டு, பொறுப்பு, வேலையின் தன்மை ஆகியவை என்றார். நல்லது நடந்தால் தன்னால் என்றும், கெட்டது நடந்தால் சூழலால் என்றும் சொல்வது மனித இயல்புதானே, பேட்டியில் வேறு என்ன வரும் என்று அவரை விமர்சித்தவர்களும் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு வாடிப்போய் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹெர்ஸ்பெர்க் நினைவுக்கு வருகிறார்.

என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, தன் வேலையில் தனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது. கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி இயந்திரம் ஓட்டும் ஒருவர் தீராத நெஞ்செரிச்சலோடு வந்தார். இன்சர்ட், அதாவது உலோகத்தை வெட்டும் முனை, தேய்ந்துவிட்டது என்று இயந்திரத்தின் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் இத்தனை பீஸ் ஓடிய பிறகுதான் மாற்ற வேண்டும் என்பது விதி. அதற்குள் அளவு தவறி ரிஜெக்ட் ஆனால் பழி அவர் தலையில். வேலை கடினம் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது" என்றார். போர்மேனிடம் பேசி, தேவைப்படும்போது அவரே மாற்றிக் குறிப்பேட்டில் எழுதிவிடலாம் என்று ஏற்பாடானது. நான் மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது அவர் உடம்பைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான்; ரிஜெக்ட் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இது ஒருவர் கதை மட்டுமல்ல. லண்டனில் 1985-இல் தொடங்கி, 10,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், வேலையில் தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் அதிகமாக வந்தது தெரிந்தது.

ஆகவே, வேலையை நேசியுங்கள், எல்லாம் சரியாகும் என்று மேடையில் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல்தான். துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று கால் வீங்கியவரிடம் போய் நேசத்தைப் பற்றி என்ன பேசுவது? அவருக்கு வேண்டியது நாற்காலி. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டமே வந்திருக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதே ஆண்டில் கணக்கிட்டன. அந்த அபாயத்தைத் தியானம் செய்து குறைக்க முடியாது; நேரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

மேலதிகாரியிடம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வேலைப்பளு அதிகம் என்று பொதுவாகச் சொன்னால், எல்லோருக்கும் அப்படித்தான் என்ற பதில்தான் வரும். ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த வேலை செய்தபோது நேரம் போனதே தெரியவில்லை, எதைச் செய்தபோது எரிச்சல் வந்தது, எதற்கு யாரிடம் அனுமதிக்காகக் காத்திருந்தீர்கள். அதிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு வரும் அறிக்கையை மறுநாள் காலையில் தருகிறேன் என்பது போல, அவர் உடனே சரி என்றோ முடியாது என்றோ சொல்லக்கூடியதாக அது இருக்கட்டும். மூன்று முறை கேட்டும் எதுவும் நகரவில்லை என்றால் வேறு இடம் தேடத் தொடங்கலாம். கையில் வேறு வேலைக்கான கடிதம் வரும்வரை ராஜினாமா வேண்டாம் என்பேன்.

அவமதிப்பு, பாலியல் தொல்லை, மாதக்கணக்கில் வராத சம்பளம் போன்றவற்றுக்கு இந்தக் குறிப்பேடு பொருந்தாது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குப் போய்விட்டால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.