கூலிக் கேள்வி சட்டமான வழி

1980களின் பிற்பகுதியில் ராஜஸ்தானில் கடும் வறட்சி நிலவியது. நிவாரணப் பணிகளில் மண் சுமந்த கிராம மக்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி முழுமையாகக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, அளந்து பார்த்ததில் அந்தக் கூலிக்குரிய வேலையை நீங்கள் செய்யவில்லை என்று பதில் வந்தது. அந்த அளவுக் கணக்கைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ஆவணம், வெளியாருக்குக் காட்டுவதற்கில்லை என்றார்கள். இந்தத் தகராறுதான் பல திருப்பங்களைக் கடந்து, 2005-ல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் போய்ச் சேர்ந்தது. மக்களின் குறை அரசின் கொள்கையாக மாறும் விதத்தைக் காண இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அரசியல் அறிஞர் டேவிட் ஈஸ்டன், 1950களிலும் 60களிலும் இந்த மாற்றத்துக்கு ஒரு மாதிரியை வகுத்தார். சமூகத்திலிருந்து அரசியல் அமைப்புக்குள் இரண்டு உள்ளீடுகள் செல்கின்றன: ஒன்று கோரிக்கை, மற்றொன்று ஆதரவு. உள்ளே அவை முடிவுகளாகவும் சட்டங்களாகவும் மாறி வெளியே வருகின்றன. அந்த வெளியீடுகள் மக்களிடம் ஏற்படுத்தும் விளைவு பின்னூட்டமாகத் திரும்பிச் சென்று புதிய கோரிக்கைகளையும், கூடவோ குறையவோ செய்யும் ஆதரவையும் உண்டாக்குகிறது. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்தச் சுழற்சியில் பலரும் கவனிக்கத் தவறுவது நுழைவாயிலைத்தான். மக்களின் விருப்பங்கள் எல்லாவற்றையும் கையாள எந்த அரசாலும் முடியாது என்பதால், கட்சிகள், சங்கங்கள், பத்திரிகைகள், மக்கள் பிரதிநிதிகள் ஆகியோர் வாயிற்காப்போராக நின்று சிலவற்றை உள்ளே விடுகிறார்கள், சிலவற்றை ஒன்றாகச் சேர்க்கிறார்கள், பலவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போகிற கோரிக்கையும் போன வடிவிலேயே வெளியே வருவதில்லை.

ராஜஸ்தானில் அந்த வடிவமாற்றம் படிப்படியாக நடந்தது. அருணா ராய், நிகில் டே, ஷங்கர் சிங் ஆகியோர் கிராமத் தொழிலாளர்களோடு சேர்ந்து 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினர். முதலில் கூலிக்காகத்தான் போராடினார்கள். ஆனால் கூலி மறுக்கப்படுவதற்கான ஆதாரம் வருகைப் பதிவேட்டிலும் அளவுப் புத்தகத்திலும் இருப்பது தெரிந்ததும், கூலி கொடு என்ற கோரிக்கை கணக்கைக் காட்டு என்று மாறியது. இது சாதாரண மாற்றம் அல்ல. கூலி கேட்பவர் தொழிலாளி மட்டுமே. கணக்கைக் கேட்கும் உரிமையோ வரி செலுத்தும் எவருக்கும், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் எவருக்கும் உண்டு. கோரிக்கை அகலமானதால் அதைச் சுமக்கத் தோள்களும் கூடின. அருணா ராய் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி, எந்தக் காகிதம் எந்த மேசையில் இருக்கும் என்பதை அறிந்த ஒருவர் வாசலுக்கு வெளியே நின்று கேட்டதும் உதவியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. பதிவேட்டின் பக்கங்கள் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட, அந்தந்தப் பெயருக்குரியவர்கள் எழுந்து தாம் வேலை செய்ததையோ செய்யாததையோ சொன்னார்கள். இத்தகைய விசாரணைகள் தொடர்ந்தபோது, இறந்தவர்களின் பெயரில் எழுதப்பட்ட கூலியும் காகிதத்தில் மட்டும் கட்டப்பட்ட கட்டடங்களும் வெளிவந்தன. 1995-ல் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், ஊராட்சிப் பணிகளின் ஆவண நகல்கள் மக்களுக்கு வழங்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆண்டு ஒன்றாகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாள் நீடித்தது; நகரத்து மக்களே தானியமும் காய்கறியும் கொடுத்து அதைத் தாங்கினார்கள். ஈஸ்டன் ஆதரவு என்று குறித்ததன் மறுபக்கம் இங்கே தெரிகிறது: ஆட்சி மீதான ஆதரவைத் திரும்பப் பெற முடியும் என்று காட்டும்போதுதான் கோரிக்கைக்கு எடை வருகிறது. அது மக்களவைத் தேர்தல் நேரமாகவும் இருந்தது.

வெளியீடு உண்டானாலும் அது வெளியே வந்துசேரும் என்பதற்கு உறுதியில்லை. 1997-ல் ஜெய்ப்பூரில் 53 நாள் தர்ணா நடந்த பிறகு, ஊராட்சி ஆவணங்களின் நகல் பெறும் விதி ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டது என்று துணை முதலமைச்சர் அறிவித்தார். அரசு எதை மறைக்கிறது என்று கேட்டவர்களிடம் அரசு தன் ஆணையையே மறைத்து வைத்திருந்தது.

அதே 1997-ல் தமிழ்நாடு, இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தகவல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. விலக்குகளின் பட்டியல் நீண்டிருந்த அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. மேலிருந்து வந்த சட்டத்துக்கும் கீழிருந்து எழுந்த கோரிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது. நீதிமன்றத்தின் நிலையும் ஏறக்குறைய அதுதான்: அரசின் செயல்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று 1975-லேயே ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும், அதைச் சட்டமாக்கும் விசை முப்பது ஆண்டுகள் பிறக்கவில்லை.

அந்த விசை பிறந்த தருணத்தை விளக்க மற்றோர் அமெரிக்க அறிஞரான ஜான் கிங்டன் உதவுவார். பிரச்சினை, தீர்வு, அரசியல் என்ற மூன்று ஓட்டங்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கும். அவை ஒன்றுசேரும் குறுகிய காலத்தில்தான் கொள்கை பிறக்கும் என்பது அவர் கருத்து. 2004-ல் அப்படி நேர்ந்தது. பிரச்சினையை மக்கள் விசாரணைகள் நிறுவியிருந்தன. 1996-லிருந்தே வரைவுச் சட்டங்கள் எழுதப்பட்டு வந்தன. 2002-ல் நிறைவேறிய தகவல் சுதந்திரச் சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை. புதிய கூட்டணி அரசு தன் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் இதற்கு இடம் கொடுத்ததும் வழி திறந்தது. அப்போதும் டிசம்பரில் தாக்கலான மசோதா மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்துவதாக இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களுடன், மாநிலங்களையும் உள்ளடக்கி, 2005 மே மாதம் நிறைவேறியது. அக்டோபர் 12 முதல், முப்பது நாளில் பதில் தராத அலுவலர் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தம் பையிலிருந்து அபராதம் கட்ட வேண்டிய நிலை உருவானது.

கோரிக்கைகள் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை; அமைப்புக்கு உள்ளேயே பிறப்பவையும் உண்டு என்று ஈஸ்டனே எழுதினார். 2006-ல் கோப்புக் குறிப்புகளுக்கு, அதாவது கோப்பில் அதிகாரிகள் எழுதும் கருத்துகளுக்கு, இந்தச் சட்டத்திலிருந்து விலக்களிக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது, எழுந்த எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 2019-லோ, தகவல் மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையர்களின் நிலையான ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை நீக்கி, அதை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் தரும் திருத்தம் நிலைக்குழுவுக்கு அனுப்பப்படாமல், தாக்கலான ஒரு வாரத்துக்குள் இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. தெருவில் பிறந்த கோரிக்கை பதினைந்து ஆண்டுகளில் கடந்த தொலைவை, உள்ளே பிறந்தது சில நாட்களில் கடந்தது. அதற்கு எந்த வாயிற்காப்போரையும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கவில்லை.