புளி ஊற்றினாலும் போகாத நஞ்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துப் பாறைகளில் பழுப்பு மஸ்ஸல் சிப்பி பெயர்த்து வந்து புளிக்குழம்பு வைப்பது இங்குள்ள தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. வேலைக்காகக் கேப் டவுன் போனவர்கள் அதே பழக்கத்தோடு மேற்குக் கரையில் இறங்கும்போதுதான் சிக்கல். அந்தக் கடலே வேறு.

கிழக்கே வெதுவெதுப்பான அகுல்யாஸ் நீரோட்டம், மேற்கே குளிர்ந்த பெங்குவேலா. கோடையில் அடிக்கும் தென்கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையைவிட்டுத் தள்ள, அடியிலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலேறுகிறது. அப்புறம் காற்று ஓய்ந்து, மேல்நீர் வெயிலில் சூடாகித் தனி அடுக்காக நின்றால், டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் பாசிகளுக்குக் கொண்டாட்டம். அவற்றுக்கு நீந்தத் தெரியும்: பகலில் வெளிச்சம் தேடி மேலே, இரவில் சத்து தேடிக் கீழே. செயின்ட் ஹெலினா விரிகுடா போன்ற இடங்களில் கோடைக் கடைசியிலிருந்து இவை திரள்கின்றன.

மஸ்ஸல் நீரை வடிகட்டித்தான் சாப்பிடும். பாசியில் உள்ள நஞ்சு அதன் செரிமானச் சுரப்பியில் சேர்ந்துகொண்டே போகும். சிப்பி பார்க்க நலமாகவே இருக்கும். அலெக்சாண்ட்ரியம் கேட்டினெல்லா என்ற பாசி தரும் சாக்சிடாக்சின் என்ற நஞ்சு, நம் நரம்புகளில் சோடியம் நுழையும் வழிகளை அடைத்துவிடும். முதலில் உதடும் விரல் நுனியும் மரக்கும். முற்றினால் மூச்சுத் தசைகளே செயலிழக்கும். முறிமருந்து கிடையாது. கொதிக்க வைத்தாலும் அழியாது. நீரில் கரையும் என்பதால் குழம்பிலும் இறங்கும். டைனோஃபைசிஸ் என்ற பாசி வகைகள் தரும் ஒகடாயிக் அமிலம் வயிற்றுப்போக்கோடு விடும்.

பாசி மிகுதியாகத் திரண்டால் கடல் சிவந்து தெரியும்; அதைத்தான் சிவப்பு அலை என்பார்கள். ஆனால் தண்ணீர் சிவக்கவில்லையே என்று நம்புவது பெரிய தப்பு. லிட்டருக்குச் சில நூறு டைனோஃபைசிஸ் செல்கள் இருந்தாலே போதும், கடல் தெளிவாக இருக்கும்போதே சிப்பியில் நஞ்சேறலாம். மறுபக்கம், சிவந்த நீரெல்லாம் நஞ்சும் அல்ல. 1997-இல் எலண்ட்ஸ் பே கரையில் சுமார் 2,000 டன் பாறை இறால் ஒதுங்கியது நஞ்சினால் அல்ல; பாசி அழுகி நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதால்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சல்டானா விரிகுடா போன்ற பண்ணைப் பகுதிகளில் எடுக்கும் நீரில் அயோடின் கரைசல் சேர்ப்பார்கள். செல்கள் செத்துப் பழுப்பாகி, கண்ணாடி அடித்தளமுள்ள குடுவையில் மெல்லப் படியும். அடியிலிருந்து பார்க்கும் நுண்ணோக்கியில் இனம் இனமாக எண்ணுவார்கள். கேட்டினெல்லா ரயில் பெட்டிகள்போலக் கோத்துக்கொண்டு நிற்பதால் பழகிய கண்ணுக்குச் சட்டெனத் தெரியும்.

ஆனால் இந்த எண்ணிக்கை முன்னெச்சரிக்கை மட்டுமே. தீர்ப்பு சதையில்தான். முன்பு சிப்பிச் சாற்றை எலிக்கு ஊசியேற்றி, எத்தனை நிமிடத்தில் சாகிறது என்று கணக்கிட்டார்கள். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபி கருவிகள் செய்கின்றன; எலிகள் பிழைத்தன. கிலோ சதைக்கு சாக்சிடாக்சின் வகை 800 மைக்ரோகிராமையோ, ஒகடாயிக் அமில வகை 160-ஐயோ தாண்டினால் அறுவடை நிறுத்தம். அளவு இறங்கியதைச் சோதனைகள் காட்டிய பிறகே திறப்பார்கள். ஓரிரு நாள் நல்ல தண்ணீரில் போட்டுவைத்தால் பாக்டீரியா குறையலாம், இந்த நஞ்சு குறையும் என்று நம்ப முடியாது.

பாறையிலிருந்து நீங்களே பெயர்த்ததை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். போஸ்ட் ஆபீஸில் வாங்கும் பர்மிட் எத்தனை எடுக்கலாம் என்று சொல்லும், அவ்வளவுதான். அதனால் சிவப்பு அலை எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாப்பிட்டபின் உதடு மரத்துப்போனால் படுத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சக் குழம்பையும் எடுத்துப் போங்கள்.