சார்ட் தவறினால் பிழைச்செய்தி வராது

அடுத்தவர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் கோடைப் பார்க்க உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது சார்ட் (sort), அதாவது பட்டியலை வரிசைப்படுத்தும் கட்டளை, வரும் இடங்களைத்தான். அங்கே தவறு இருந்தாலும் நிரல் நிற்காது, பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பு வராது. பட்டியல் மட்டும் தவறான வரிசையில் வந்து நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், பொருள்களை விலைப்படி வரிசைப்படுத்த, சார்ட்டுக்குத் தரும் ஒப்பிடும் ஃபங்ஷனை நானே இப்படி எழுதியிருந்தேன்: (அ, ஆ) => அ.விலை > ஆ.விலை. மாறிகளின் பெயர் தமிழில் இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும், அதனால் அப்படியே தருகிறேன். சோதனைக்கு நான் தட்டி வைத்த ஆறு பொருள்களும் தற்செயலாக ஏறுவரிசையிலேயே இருந்தன, எல்லாம் சரியாகத் தெரிந்தது. உண்மையான தரவு வந்த அன்று, வந்த வரிசையிலேயே பட்டியல் அசையாமல் நின்றது.

காரணம் எளியது. ஒப்பிடும் ஃபங்ஷன் ஓர் எண்ணைத் தர வேண்டும்: அ முன்னால் வர வேண்டுமானால் மைனஸ் எண், பின்னால் வர வேண்டுமானால் பிளஸ் எண், இரண்டும் சமமானால் 0. நான் தந்ததோ ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்). அவை 1, 0 என்று மாறும். மைனஸ் வரவே வராது. குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8 எஞ்சின் பழைய காலத்தில் 10 உறுப்புகள் வரையுள்ள அர்ரேக்கு (பட்டியலுக்கு) இன்செர்ஷன் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைப் பயன்படுத்தியது. அதில் இந்தத் தவறு தப்பித்துவிடும். 2018இல் குரோமின் 70ஆம் பதிப்பு டிம்சார்ட் என்ற வேறு முறைக்கு மாறியது. மைனஸ் ஒன்றுகூட வராததைப் பார்த்து, அர்ரே ஏற்கெனவே வரிசையில் இருக்கிறது என்று அது முடிவுகட்டிவிடும். இணையத்தில் பழைய பதில்களிலிருந்து எடுத்து ஒட்டிய கோடில் இதை இன்றும் பார்க்கிறேன். அ.விலை - ஆ.விலை என்று கழித்தால் போதும்.

ஃபங்ஷனே தராமல் சார்ட்டை அழைத்தால் எல்லாம் எழுத்துச் சரமாக மாறித்தான் ஒப்பிடப்படும். எண்களில் 10 என்பது 9க்கு முன்னால் வரும். ஆப்ஜெக்ட்கள் (பெயர், விலை போன்றவற்றைச் சேர்த்து வைக்கும் தொகுப்புகள்) எல்லாமே ஒரே சரமாக மாறுவதால் எதுவும் நகராது.

சரி, கழித்தல் போட்டாயிற்று. அப்புறம் வரும் ஆபத்து, இல்லாத மதிப்பு. ஒரு பொருளுக்கு விலையே இல்லையென்றால் கழித்தலின் விடை நேன், அதாவது எண்ணே அல்லாத ஒன்று. சார்ட் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். 300, விலை இல்லாதது, 100 என்ற மூன்றை வி8இடம் கொடுத்துப் பாருங்கள். 300உம் இல்லாததும் சமம், இல்லாததும் 100உம் சமம். ஆகவே மூன்றும் அப்படியே நிற்கும். ஒரே ஒரு வெற்றிடம் பக்கத்திலிருக்கும் நல்ல மதிப்புகளின் வரிசையையும் கெடுத்துவிடுகிறது. விலையின் இடத்தில் நல் (null, ‘எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் மதிப்பு) இருந்தால் வேறு கதை: 0 ஆக மாறி முதலிடத்துக்குப் போய்விடும். ‘1,250’ என்று காற்புள்ளியோடு சரமாக வரும் விலையும் நேன்தான். வரிசைப்படுத்தும் முன்பே காற்புள்ளிகளை நீக்கி எண்ணாக்குங்கள். விலை இல்லாதவை முதலில் வர வேண்டுமா கடைசியிலா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சார்ட் மூல அர்ரேயையே மாற்றிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். திரைகளை உருவாக்கும் ரியாக்ட் நூலகத்தின் ஸ்டேட்டில் (திரை காட்டும் தரவை வைக்கும் இடத்தில்) இருக்கும் அர்ரேயை நேரடியாகச் சார்ட் செய்து அதையே திருப்பி வைத்தால், அதே அர்ரே என்பதால் திரை புதுப்பிக்கப்படாமல் போகலாம். 2023இல் வந்த டுசார்ட்டட் (toSorted) புதிய அர்ரே தருகிறது. நான் இப்போது அதையே எழுதுகிறேன்.

தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்துபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரிது, சிறிது குறிகளால் சரங்களை ஒப்பிட்டால் எழுத்துகளுக்கு யூனிகோட் தந்த எண்வரிசைதான் கிடைக்கும். அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. வ-வோ ழ-வுக்குப் பின்னால். ஆகவே ‘அனல்’ ‘அப்பா’வுக்கு முன்னாலும், ‘அழகு’ ‘அவன்’-க்கு முன்னாலும் வந்துவிடும். நம் நெடுங்கணக்கில் இரண்டுமே தலைகீழ். மொழிக்கேற்ற வரிசையில் சரங்களை ஒப்பிடும் லோக்கேல்கம்பேருக்கு (localeCompare) தமிழின் மொழிக்குறியீட்டைக் கொடுத்தால் சரியான வரிசை வரும். பட்டியல் நீளமானால், அதே ஒப்பீட்டைச் செய்யும் கொலேட்டர் (Intl.Collator) ஒன்றை ஒருமுறை உருவாக்கி, ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் அதையே பயன்படுத்துங்கள், வேகம் கூடும்.