கர்னலுக்குள் ஒரு டிரைவர் நுழையும் இரு வழிகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை, மூல நிரலிலிருந்து இயங்கும் கோப்பாகத் தொகுக்கும்போது, வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்களுள் பெரும்பாலானவற்றுக்கு 'ஒய்', 'எம்', 'என்' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஒய்' என்றால் டிரைவர் கர்னல் கோப்பிலேயே பிணைக்கப்படும். 'எம்' என்றால் மாட்யூலாக, தனிக் கோப்பாக வட்டில் இருக்கும். 'என்' என்றால் தொகுக்கப்படாது. முதல் இரண்டுக்கும் மூல நிரல் ஒன்றே. கர்னலோடு அது எப்போது இணைகிறது என்பதில்தான் வேறுபாடு.

உள்ளேயே பிணைக்கப்பட்ட டிரைவரின் கதை சுருக்கமானது: கணினி தொடங்கும்போது கர்னல் அதன் தொடக்கச் செயற்கூறை (தொடக்க வேலையைச் செய்யும் நிரல் பகுதியை) அழைக்கும், தொடக்கத்துக்கு மட்டுமே தேவைப்பட்ட பகுதியின் நினைவகத்தைப் பின்னர் விடுவித்துவிடும்.

மாட்யூலின் வழி நீண்டது. ஒரு யூஎஸ்பி சாதனத்தைச் செருகியதும், அதன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கர்னல் படித்து, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் நிரலுக்கு அறிவிக்கிறது. அது, எந்த எண்ணுக்கு எந்த மாட்யூல் என முன்பே தயாரித்து வைக்கப்பட்ட பட்டியலின்படி, உரிய மாட்யூலையும் அது சார்ந்திருக்கும் பிற மாட்யூல்களையும் ஏற்றச் செய்கிறது. மாட்யூல் கோப்பில், கர்னலின் செயற்கூறுகளை அழைக்க வேண்டிய இடங்களில் அவற்றின் நினைவக முகவரிகள் இருக்காது, பெயர்கள் மட்டுமே இருக்கும். கர்னல் நினைவகம் ஒதுக்கி, வெளிப்பயன்பாட்டுக்குத் திறந்துவிட்ட தன் செயற்கூறுகளிடையே அப்பெயர்களைத் தேடி, முகவரிகளை நிரப்பிய பிறகே மாட்யூலை இயக்குகிறது. வழக்கமாக, தொகுத்த நிரல் பகுதிகளை ஒன்றிணைக்கும் லிங்கர் முன்கூட்டியே முடித்துவிடும் இந்த வேலையை, கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தனக்குத் தானே செய்துகொள்வதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு.

அதே இடத்தில் ஆபத்தும் இருக்கிறது. கர்னலின் ஒரு தரவுக் கட்டமைப்பில் புதிய பதிப்பு ஓர் உறுப்பைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால், பழைய பதிப்புக்காகத் தொகுத்த மாட்யூல் சில பைட்டுகள் தள்ளி, தவறான இடத்தில் எழுதும். எனவேதான் பதிப்புக் குறிப்பு பொருந்தாத மாட்யூலைக் கர்னல் ஏற்க மறுக்கிறது.

மாட்யூல் தனியாக இருப்பதால் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுவது சரியன்று. ஏற்றப்பட்டபின் அது கர்னலின் முழு அதிகாரத்துடன், அதே முகவரி வெளியில் இயங்குகிறது. அதன் ஒரு தவறான சுட்டி (நினைவக முகவரியைக் குறிக்கும் மாறி) கணினி முழுவதையும் வீழ்த்திவிடலாம். டிரைவர்களைச் சாதாரணப் பயனர் நிரல்களாக இயக்கும் மினிக்ஸ் 3 போன்ற இயங்குதளங்களில்தான் உண்மையான தனிமைப்படுத்தல் உண்டு.

வட்டைப் படிக்கும் டிரைவரே அந்த வட்டில் மாட்யூலாக இருந்தால் என்ன செய்வது? உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகள், தேவையான மாட்யூல்களைக் கொண்ட ஒரு சிறிய தற்காலிகக் கோப்பமைப்பைக் கர்னலுடன் சேர்த்தே நினைவகத்தில் ஏற்றிவிடுகின்றன. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம் இதை இன்னும் எளிமையாக முடிக்கிறது: கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் நிரலான அதன் பூட் லோடரே கர்னலோடு மாட்யூல்களையும் ஏற்றித் தருகிறது.

எந்தக் கணினியில் எந்த வன்பொருள் இருக்குமென்று அறியாத பொதுவெளியீடுகளுக்கு மாட்யூல் தவிர்க்க முடியாதது. வன்பொருள் மாறாத சிறு கருவிகளில், எல்லாவற்றையும் உள்ளேயே பிணைத்து, மாட்யூல் வசதியை முற்றிலும் நீக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கர்னலுக்குள் தீய நிரல் நுழையும் ஒரு முக்கிய வாசல் அதனால் அடைபடுகிறது. அவ்வசதியை நீக்க முடியாத சர்வர்களிலும், தேவையான மாட்யூல்கள் ஏறியபின் 'kernel.modules_disabled' என்ற கர்னல் அமைவின் மதிப்பை 1 ஆக்கினால், மறுதொடக்கம் வரை புதிதாக எந்த மாட்யூலையும் ஏற்ற முடியாது.