விஷுவலா, ஆடிட்டரியா? கோர்ஸ் கட்டும் முன் விட்டுவிட வேண்டிய கேள்வி

ஆன்லைன் கோர்ஸ் செய்து தரச் சொல்லி வருகிறவர்களில் பலர் முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வித்தாளை எடுத்து வைக்கிறார்கள். புது ஊரில் வழி தெரியவில்லை என்றால் மேப் பார்ப்பீர்களா, யாரிடமாவது கேட்பீர்களா என்பது போன்ற கேள்விகள். விடைகளைக் கூட்டிப் பார்த்து ஒருவரைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்து எழுதிக் கற்பவர், செய்து கற்பவர் என்று நான்கு 'கற்றல் பாணி'களில் ஒரு பெட்டியில் போட்டுவிடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெர்ஷன் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வேலை நாலு மடங்கு, செலவு நாலு மடங்கு. கற்றல் கூடுகிறதா என்றால், கூடியதாகக் காட்டும் நம்பகமான ஆதாரம் இல்லை.

இந்த நால்வகைப் பிரிவுக்கு வார்க் என்று பெயர். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃப்ளெமிங், கொலீன் மில்ஸ் இருவரும் 1992-ல் இதை வெளியிட்டார்கள். மாணவர் தாம் படிக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கட்டும் என்பதே அப்போதைய நோக்கம். இவருக்கு இப்படித்தான் சொல்லித்தர வேண்டும் என்ற விதியாக அது பின்னால் இறுகிவிட்டது. இதைப் போன்ற வேறு பிரிவுகளுக்கும் பஞ்சமில்லை. பிரிட்டனில் ஃப்ராங்க் காஃபீல்டின் குழு 2004-ல் கணக்கெடுத்தபோது 71 மாடல்கள் அகப்பட்டன.

இதை எப்படிச் சோதிப்பது என்று 2008-ல் ஹரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் தெளிவாக எழுதினார்கள். 'பார்த்துக் கற்பவர்' பட்டியலில் பாதிப் பேருக்குப் படமாகவும் பாதிப் பேருக்கு ஒலியாகவும் ஒரே பாடத்தைக் கொடுங்கள். 'கேட்டுக் கற்பவர்' பட்டியலையும் அதேபோல இரண்டாகப் பிரியுங்கள். எல்லாருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். முதல் கூட்டத்துக்குப் படமும் இரண்டாவது கூட்டத்துக்கு ஒலியும் அதிக மதிப்பெண் தந்தால்தான் கற்றல் பாணி என்ற வாதம் நிற்கும். இந்த அளவுக்குக் கறாராக நடந்த ஆய்வுகளே சொற்பம். நடந்தவற்றிலும் பெரும்பாலும் வாதம் நிற்கவில்லை. 2015-ல் அமெரிக்காவில் கல்லூரி முடித்த பெரியவர்களிடம் ஒலிப்புத்தகத்தையும் மின்னூலையும் வைத்துப் பார்த்தபோது, அவர்கள் சொன்ன பாணிக்கும் எடுத்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை.

விருப்பம் இருப்பது உண்மை. சிலருக்கு வீடியோ பிடிக்கும், சிலருக்கு எழுத்து. ஆனால் பிடிப்பது ஒன்று, மனதில் நிற்பது வேறொன்று. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. தாங்களே கணக்குப் போட்டுத் திணறிய வகுப்பில் குறைவாகக் கற்றதாக மாணவர்கள் சொன்னார்கள். நல்ல விரிவுரையில் உட்கார்ந்து கேட்டபோது அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். மதிப்பெண் நேர்மாறாக வந்தது. கோர்ஸ் முடிவில் வரும் ஐந்து நட்சத்திரத்தை மட்டும் பார்த்துப் பாடத்தைத் திருத்துகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டியது பாடம்தான். ராகத்தைக் கேட்காமல் கற்க முடியாது. எலும்பு மூட்டைப் படமில்லாமல் விளக்க முடியாது. யாருக்கு எது பிடித்தாலும் இதில் மாற்றமில்லை.

அப்படியானால் எல்லா மாணவரும் ஒன்றா? இல்லவே இல்லை. பெரிய வித்தியாசம், ஏற்கெனவே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதில் இருக்கிறது. படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்கு புதியவருக்குக் கைகொடுக்கும். ஓரளவு தெரிந்தவருக்கு அதே விளக்கம் இடைஞ்சல். ஆகவே பாணியைக் கேட்கும் கேள்வித்தாளுக்குப் பதில், பாடத்தையே கேட்கும் ஆறு கேள்விகளை நுழைவாயிலில் வையுங்கள். ஐந்துக்கு மேல் சரியாகச் சொன்னவர் முதல் மாட்யூலைத் தாண்டிப் போகட்டும். அடுத்து கவனிக்க வேண்டியவை எந்தக் கருவியில் பார்க்கிறார், எத்தனை மணிக்குப் பார்க்கிறார், எதற்காகச் சேர்ந்தார் என்பவை. இரவு பத்து மணிக்கு, சாய்ந்து படுத்தபடி போனில் பார்க்கிறவருக்கு 14 பாயின்ட் எழுத்துள்ள ஸ்லைடு தெரியாது. 24-க்குக் கீழே இறங்காதீர்கள்.

ஒரு பாடத்தைப் பிரித்துப் பார்ப்போம்

அலுவலக ஊழியர்களுக்கான எக்செல் கோர்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பாடம், வி-லுக்அப் (VLOOKUP) என்ற சூத்திரம். விலைப்பட்டியலில் பொருளின் எண்ணைத் தேடி, அதன் விலையை பில்லில் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். வழக்கமாக நடப்பது என்ன? ஆசிரியர் நாற்பது நிமிடம் திரையைப் பதிவு செய்கிறார், கடைசியில் பத்துக் கேள்வி. பார்க்கிறவர் தலையாட்டிக்கொண்டே பார்ப்பார். மறுநாள் அலுவலகத்தில் சூத்திரத்தைத் தொட்டால் கை நிற்கும்.

ஸ்லைடு தயாரிக்கும் முன் பிழைப் பட்டியலைத் தயார் செய்யுங்கள். வி-லுக்அப்பில் தவறுபவர்கள் திரும்பத் திரும்பத் தவறும் இடங்கள் நாலைந்துதான். தேடும் எண் அட்டவணையின் முதல் நெடுவரிசையில் இல்லாமல் போவது. அட்டவணையின் எல்லையை டாலர் குறி போட்டுப் பூட்டாததால், சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது எல்லையும் கூடவே நழுவுவது. சூத்திரத்தின் நான்காவது பகுதியில், துல்லியமாகப் பொருந்துவதை மட்டும் தேடு என்று சொல்லும் ஃபால்ஸ் (FALSE) போட மறப்பது. ஒரு பக்கம் எண் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் பதிவாகியிருப்பது. சொல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருப்பது. இந்தப் பட்டியல்தான் உங்கள் பாடத் திட்டம். கேள்விகளும் இதிலிருந்தே பிறக்கும்.

வீடியோ ஒன்றுக்கு ஒரே கேள்வி. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தின் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை அலசி 2014-ல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்த்தவர்களின் இடைநிலை நேரம், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவர் பார்த்த நேரம், ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. இதைப் படித்துவிட்டு நாற்பது நிமிட விரிவுரையை ஏழு துண்டாக நறுக்குகிறவர்கள் உண்டு. நறுக்கினால் ஏழு அரைகுறை வீடியோ கிடைக்கும், அவ்வளவுதான். 'எல்லையை ஏன் பூட்ட வேண்டும்?' என்று ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு விடை சொல்லி முடித்துவிட வேண்டும். அது மூன்றே நிமிடத்தில் முடிந்தால் இன்னும் நல்லது.

திரையில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே வாசிக்காதீர்கள். கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது இன்னொரு வேகத்தில் கேட்கும்; இரண்டும் முட்டிக்கொள்ளும். திரையில் சூத்திரமும் அம்புக்குறியும் இருக்கட்டும், விளக்கம் குரலில் வரட்டும். தமிழில் பதிவு செய்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். எழுத்துத் தமிழில் ஸ்கிரிப்ட் எழுதி அப்படியே படித்தால் பாடம் செய்தி வாசிப்பு போலாகிவிடும். "இப்ப இந்த செல்லைக் கிளிக் பண்ணுங்க" என்று பேசுகிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள். உரையாடல் நடை கற்றலுக்கு உதவுகிறது என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்டு மேயரின் பல்லூடக ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பின்னணி இசையை எடுத்துவிடுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். ஃபேன் சத்தத்தோடு வரும் குரலைக் கேட்க மாட்டார்கள்.

வீடியோ முடிந்ததும் கையில் ஒரு ஃபைல் தர வேண்டும். அதில் நான்கு கணக்கு. முதலாவது முழுதாகத் தீர்க்கப்பட்டது. இரண்டாவதில் சூத்திரத்தின் கடைசிப் பகுதி காலி. மூன்றாவதில் கடைசி இரண்டு பகுதியும் காலி. நான்காவது வெற்று செல். கைப்பிடியை ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற முறை இது. அமெரிக்கப் பல்கலைக்கழகமான ஜார்ஜியா டெக் நடத்திய உளவியல் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை ஆராய்ந்து 2015-ல் வெளியான கட்டுரை, பயிற்சிகளைச் செய்வதற்கும் கற்றதற்கும் இருந்த தொடர்பு, வீடியோ பார்ப்பதற்கு இருந்ததைவிட ஆறு மடங்கு பெரிது என்றது. தயாரிப்பு நேரத்தில் பெரும்பகுதி எதற்குப் போக வேண்டும் என்பதை இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி கேள்வி. 'வி-லுக்அப்பில் எத்தனை பகுதிகள்?' என்று கேட்பது வீண். இப்படிக் கேளுங்கள்: முதல் மூன்று வரிசைக்கு விலை சரியாக வந்தது, கீழே இழுத்ததும் நான்காவது வரிசையில் என்/ஏ பிழை (தேடியது கிடைக்கவில்லை என்று பொருள்). அந்தப் பொருளோ விலைப்பட்டியலின் உச்சியிலேயே இருக்கிறது. என்ன கோளாறு? விடைகளில் ஒன்று, எல்லை பூட்டப்படவில்லை. அது சரி. 'ஃபால்ஸ் விட்டுப்போயிற்று' என்று தேர்ந்தெடுத்தவருக்கு வெறும் 'தவறு' போதாது. 'அது விட்டுப்போனால் பெரும்பாலும் பிழையே காட்டாது, தப்பான விலையைக் காட்டும். அது இன்னும் ஆபத்து' என்று வர வேண்டும். 'எண் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது' என்றவருக்கு, 'அந்த செல்லில் சூத்திரத்தைப் புதிதாக எழுதிப் பாருங்கள், விலை வருகிறதே' என்று. ஒவ்வொரு தப்பு விடைக்கும் தனி பதில் எழுதுவது சலிப்பூட்டும் வேலை. ஏஐ-யிடம் கொடுத்து எழுதி வாங்கலாம். ஆனால் தப்பு விடைகள் மேலே சொன்ன பிழைப் பட்டியலிலிருந்து வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருமே செய்யாத தப்புகளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஒருமுறை கேட்டதோடு விடக்கூடாது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு கூட்டத்தை இரண்டாம் முறை படிக்கவும், இன்னொரு கூட்டத்தை நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதத்தோடு முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களிடம் மிஞ்சியது 42. எழுதிப் பார்த்தவர்களிடம் 56. ஆகவே இரண்டாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என மூன்று மூன்று கேள்விகளை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்ப இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள். மூன்றைத் தாண்டினால் திறக்காமலே விடுவார்கள்.

பாதியில் விடுவதைப் பற்றி

எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் கோர்ஸ்களிலேயே 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். எனவே உங்கள் கோர்ஸில் ஆள் குறைவதைக் கண்டு பதற வேண்டாம். எந்த இடத்தில் குறைகிறது என்று பாருங்கள். ஒரு வீடியோவின் முதல் முப்பது விநாடியில் கூட்டம் கலைந்தால் வணக்கம், அறிமுகம், லோகோ அனிமேஷன் ஆகியவற்றை வெட்டுங்கள். நடுவில் ஒரே இடத்தில் பலர் பின்னால் இழுத்துப் பார்த்தால் அங்கே விளக்கம் போதவில்லை. முதல் பயிற்சி ஃபைலைப் பலர் திறக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் அது போனில் திறக்காத ஃபைலாக இருக்கும்.

கெடு வைப்பது நல்லது, ஆனால் மூச்சுவிட இடம் வேண்டும். ஐஐடிகளின் ஆன்லைன் கோர்ஸ் திட்டமான என்பிடெல்லின் 12 வாரக் கோர்ஸ்களில் சிறந்த 8 அசைன்மென்ட் மட்டுமே மதிப்பெண்ணில் சேர்கிறது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவரும் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவரும் திரும்பி வர இப்படி ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

கற்றல் பாணியை விட்டுவிட்டோம் என்பதற்காக சப்டைட்டிலையும் எழுத்து வடிவத்தையும் வெட்டிவிடாதீர்கள். காது கேளாதவருக்கும், திரை வாசிப்பானில் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) படிக்கிறவருக்கும் அவை தேவை; விருப்பத்தோடு குழப்ப வேண்டாம். பஸ்ஸில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவருக்கும் உதவும். தானாக உருவாகும் தமிழ் சப்டைட்டில் எண்களையும் ஆங்கிலக் கலைச்சொற்களையும் கடித்துத் துப்பிவிடும். பதிவேற்றும் முன் ஒருவர் முழுதாகக் கேட்டுத் திருத்த வேண்டும். திரையில் அம்புக்குறியைக் காட்டி 'இங்க பாருங்க' என்று மட்டும் சொன்னால் பார்வையற்றவருக்கு ஒன்றும் விளங்காது. 'பி நெடுவரிசை, ஐந்தாவது செல்' என்று வாயால் சொல்லிவிடுங்கள்.